தொடர்வண்டியில் மிதிவண்டி



திருக்கடையூருக்கு அபிராமியை வணங்கவும் அறுபதாம் திருமணம் நிகழ்த்தவும் நாள்தோறும் வெளியூரார் வருகின்றனர். மயிலாடுதுறை நிலையத்தில் இறங்குவோர் எஞ்சிய இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைப் பேருந்திலோ வாடகைக் காரிலோ கடக்கின்றனர். 1926-ஆம் ஆண்டு மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே தொடங்கிய இருப்புப்பாதை இவ்வூர் வழியாகவே சென்றது. 1986-இல் அது நின்றது. பெருவண்டி விட்டுச்செல்லும் அந்த இடைவெளிக்கு ஏற்ற ஊர்தி மிதிவண்டியே. செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாக வரும் சாலையில் மேடு என்று சொல்லத்தக்கவை பாலங்கள் மட்டுமே.

சென்னையிலிருந்து வருபவர் தம் மிதிவண்டியை உடன் கொணரலாமா? கொணரலாம். ஆயின் இருக்கைக்கு அருகில் அன்று. பயணச்சீட்டைக் காட்டி, நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் எடைக்கும் தொலைவுக்கும் உரிய கட்டணம் செலுத்திப் பதிவு செய்தல் வேண்டும். பின்னர் அது பிரேக் வேனில் ஏறும். உரியவர் ஒரு பெட்டியில், வண்டி மற்றொரு பெட்டியில். மயிலாடுதுறையில் இறங்கியதும் நடைமேடையின் கோடிக்கு விரைய வேண்டியவர் அவரே. ஏற்றாமல் விடுபட்டிருந்தால் அடுத்த வண்டி வரும்வரை காத்திருத்தலும் அவர் பாடே!

செருமனியின் இன்டர்சிட்டி வண்டிகளிலோ மிதிவண்டிக்கும் தனிச்சீட்டு உண்டு. நிறுத்துமிடத்துக்கு முன்பதிவு எண்ணும் உண்டு. உடையவரே ஏற்றி, உடையவரே இறக்குவார். அங்கும் இது எளிதில் கிட்டியதன்று. அந்நாட்டின் அதிவிரைவு வண்டிகள் நெடுங்காலம் மிதிவண்டியை ஏற்க மறுத்தன. 2017-இல் ஓடத் தொடங்கிய புதிய வகை வண்டியில்தான் 8 இடங்கள் ஒதுக்கப்பட்டன. புதிதாக வாங்கும் வண்டிகளில் குறைந்தது 4 மிதிவண்டிகளுக்கேனும் இடம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்ததும் 2021-இல்தான்.

அங்கே மிதிவண்டி பயணியின் துணை. இங்கே அது சுமை. இச்சொல் வேறுபாட்டைச் சிறிதென்று தள்ளுதல் ஆகாது. தமிழக அரசு மேனிலைப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. வயல்வழிச் சாலையில் எவர் துணையுமின்றிப் பள்ளி சென்று மீளும் பெண்ணுக்கு அவ்வண்டி தந்த துணிவு பெரிது. அவளே பட்டப்படிப்புக்குச் சென்னை செல்லுங்கால் வண்டி திண்ணையோரம் நின்றுவிடுகிறது. இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், விடுதிக்கும் கல்லூரிக்கும் இடையே அவள் மீண்டும் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். அவள் ஏறும் பெட்டியின் கோடியில் இரண்டு கொக்கிகள் பொருத்த எவ்வளவு இடம் வேண்டும்?

அவை வரும்வரை பார்சல் அலுவலகமே வழி. செல்வோர் புறப்படும் நேரத்துக்கு நன்கு முன்னரே செல்லுதல் நன்று. மிதிகட்டைகளைச் சாக்கால் சுற்றி, பெயரும் சேருமிடமும் எழுதிய அட்டையை வண்டியின் சட்டத்தில் இறுகக் கட்டுக. ரசீதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்க. மயிலாடுதுறையில் முதலில் கேட்பது அதைத்தான்.