எழுதிய இசையை வாசிக்க ஆள் வேண்டும்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் ஏறினால் இளையராஜாவின் பாட்டு காதில் விழாமல் இறங்குவது அரிது. பண்ணைப்புரத்துக்காரர் என்ற உரிமையோடு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு அவரைக் கொண்டாடுகிறது. ஆனால் திரைப்பாட்டும் படமும் இல்லாமல், ஆர்க்கெஸ்ட்ராவுக்கென்றே அவர் எழுதிய இசையை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தது. 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’, 2005-இல் ஹங்கேரியில் பதிவான ‘திருவாசகம்’. 1993-இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா, ஜான் ஸ்காட் நடத்த, அவருடைய சிம்ஃபனி ஒன்றைப் பதிவு செய்தது. அந்தப் பதிவு இன்னும் முறையாக வெளிவரவில்லை. 2025 மார்ச் 8 அன்று ‘வேலியண்ட்’ சிம்ஃபனி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் மேடையேறியபோது நாடே பெருமைப்பட்டது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் பெருமைப்பட்டால் மட்டும் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா இசை வாழ்ந்துவிடாது. அதன் ஸ்கோர், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டும் முழு ஏடு, அச்சாகி, அவரை நேரில் பார்த்தே இராத கலைஞர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று நான் வாதிட வருவது இந்த ஒன்றைத்தான்.

அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண் இசையமைப்பாளருக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இதன் அவசரம் புரியும். ஆர்கன்சாவில் 1887-இல் பிறந்தவர். 1933-இல் சிகாகோ சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய முதல் சிம்ஃபனியை வாசித்தது. ஒரு கறுப்பினப் பெண்ணின் சிம்ஃபனியைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது அதுதான் முதல் தடவை. பத்தாண்டு கழித்து பாஸ்டன் ஆர்க்கெஸ்ட்ராவின் தலைவர் கூசெவிட்ஸ்கிக்கு, தான் பெண் என்பதையும் கறுப்பினத்தவள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி, தன் இசையைப் பார்க்கும்படி கடிதம் எழுதினார். பாஸ்டன் அதை வாசிக்கவில்லை. 1953-இல் அவர் மறைந்தார். படைப்புகளில் பெரும்பகுதி அச்சாகவே இல்லை. 2009-இல் இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் என்ற சிற்றூரில், பாழடைந்து கிடந்த வீடு ஒன்றைப் பழுதுபார்க்க வந்தவர்கள் கட்டுக்கட்டாகக் கையெழுத்துத் தாள்களைக் கண்டார்கள். பிரைஸ் கோடைக்காலத்தில் தங்கிய வீடு அது. இரண்டு வயலின் கான்செர்ட்டோவும் நான்காம் சிம்ஃபனியும் அந்தக் கட்டுகளில் இருந்தன. கண்டெடுத்ததோடு யாரும் நிற்கவில்லை. தாள்கள் ஆர்கன்சா பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயின. 2018-இல் ஷிர்மர் என்ற பதிப்பகம் அவர் படைப்புகளின் உரிமையை ஏற்றது. அதன் பிறகுதான் பல நாட்டு ஆர்க்கெஸ்ட்ராக்கள் அவரை வாசிக்கத் தொடங்கின. பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவின் பதிவு 2022-இல் கிராமி விருது பெற்றது. அந்த வீட்டுக் கூரை இன்னும் சில மழைக்காலம் ஒழுகியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

“உலகமே கேட்கும் இளையராஜாவை, யாரும் கேளாமல் போன ஒருவரோடு ஒப்பிடலாமா?” என்று கேட்பீர்கள். ஒப்புமை முழுமையானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரைஸுக்குக் கிடைக்காத புகழ் இவருக்கு வாழும்போதே கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் புகழ் பாட்டுக்குக் கிடைத்த புகழ். அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்த ஒரு கிராமத்து இளைஞருக்கு கர்நாடக சபாக்களும் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை, மேற்கத்திய இசைக் கல்லூரிகளும் திறந்து வைத்திருக்கவில்லை. சென்னையில் மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரைக்கு வந்தார். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுத அவருக்குக் கிடைத்த பெரிய இடம் சினிமாதான். அதனால் அவருடைய மிகச் சிறந்த வாத்திய எழுத்தில் பெரும்பகுதி பாட்டின் இடையிசையாகவும் படத்தின் பின்னணி இசையாகவும் கிடக்கிறது. வசனம் வந்தால் அதன் ஒலி குறைக்கப்படும். காட்சி வெட்டுப்பட்டால் அதுவும் சேர்ந்து வெட்டுப்படும். கோடிப் பேர் கேட்ட இசைதான், ஆனால் அதற்கென்று உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு.

“மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா நமக்கு அந்நியம், உறுமியையும் நாயனத்தையும் காப்பாற்றுவதை விட்டுவிட்டு இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்?” என்பது இன்னொரு கேள்வி. உறுமியையும் நாயனத்தையும் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் வயலினும் வெளியிலிருந்து வந்ததுதான். கர்நாடக இசைக் கலைஞர் பாலுசாமி தீட்சிதர் கையில் எடுத்தார், இருநூறு ஆண்டில் அது நம்முடையதாகிவிட்டது. ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் சேர்த்தே காணிக்கையாக்கியிருக்கிறார் இளையராஜா. அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியைக் கேளுங்கள். பாக் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டா என்ற படைப்பின் முன்னிசை ஓடுகிறது. அதன் மேலே நம் கமகத்தோடு இன்னொரு வயலின் பேசத் தொடங்குகிறது. ஒன்று இன்னொன்றுக்குப் பக்கவாத்தியமாகத் தாழவில்லை, இரண்டும் தத்தம் இலக்கணத்தோடு நிற்கின்றன. ராகத்தை வைத்துக்கொண்டு பல குரல்களை ஒரே நேரத்தில் நடத்துவது எப்படி என்ற கேள்விக்கு நம் காலத்தில் கிடைத்த உருப்படியான விடைகளில் இது ஒன்று. இதன் ஸ்கோர் கையில் இல்லாமல் இளம் இசையமைப்பாளர் இதை எப்படிப் படிப்பார்? காதால் கேட்டு ஊகிக்கத்தான் முடியும்.

“ஒலிப்பதிவு இருக்கிறதே, போதாதா?” என்பவர்களுக்கு ஹாலிவுட்டிலிருந்து ஒரு செய்தி. எம்.ஜி.எம். நிறுவனம் 1970 வாக்கில் தன் படங்களின் ஸ்கோர்களை இடம் அடைக்கும் குப்பையென்று தூக்கி எறிந்தது. பின்னாளில் ஜான் வில்சன் என்ற ஆங்கிலேயக் கலைஞர் ‘சிங்கிங் இன் த ரெயின்’ போன்ற படங்களின் இசையை, சவுண்ட் டிராக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வாத்தியம் வாத்தியமாக மறுபடி எழுத வேண்டியதாயிற்று. படம் பத்திரமாக இருந்தது, இசையை மேடையில் வாசிக்கத்தான் வழியில்லை. இளையராஜா வாத்தியம் எதையும் தொடாமல் நேராகத் தாளில் எழுதுகிறவர், அவர் எழுதியதைப் பார்த்துத்தான் கலைஞர்கள் வாசித்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே நமக்கு வேண்டிய தாள்கள் எழுதப்பட்டவை. அவற்றைத் தேடித் தொகுக்க வேண்டும்.

இந்த இசை இளையராஜாவின் சொத்து, அவர் அனுமதியில்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஸ்கோரை அச்சிடுவது உரிமையைப் பறிப்பது ஆகாது. பதிப்பகம் ஸ்கோரையும் தனித்தனி வாத்தியத் தாள்களையும் வாடகைக்குக் கொடுக்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் படைப்பாளிக்குப் பங்கு போகும். வாசிக்க ஆள் எங்கே என்றால், வயலின் கலைஞர் வி.எஸ்.நரசிம்மனின் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்டும், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பிக்கும் ஏ.ஆர்.ரகுமானின் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவும் சென்னையிலேயே உருவானவை. சென்னை ஐ.ஐ.டி. 2024-இல் இளையராஜா பெயரில் இசைக் கல்வி, ஆராய்ச்சி மையம் ஒன்றை அறிவித்தது. அந்த மையம் ‘ஹவ் டு நேம் இட்’ ஸ்கோரிலிருந்து தொடங்கலாம். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமலே வாசிக்கக்கூடிய பகுதிகள் அதில் உண்டு. அவர் இசைவு தந்தால் அடுத்து 1993-இன் சிம்ஃபனி. அச்சான முதல் பிரதிகளில் ஒன்று உத்தமபாளையத்திலோ தேனியிலோ உள்ள அரசு நூலகத்துக்கும் வர வேண்டும்.