நியாய வியாபாரமும் நெற்றிக் குறியும்



சுயமரியாதைக் கூட்டத்தில் காப்பிக் கொட்டையைப் பற்றியும் கீரைக்கட்டைப் பற்றியும் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கடவுள், மதம், சாதி, புராணம் ஆகியவைகளைப் பற்றிப் பேசினால்தான் நம்முடைய பேச்சு என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதுதான் நம்முடைய கொள்கை. அந்தக் கேள்வியைக் கோவில் வாசலில் மட்டும் கேட்டுவிட்டுக் கடை வாசலில் வாயை மூடிக்கொண்டால் அது எந்த ஊர்ப் பகுத்தறிவு?

இன்று காலை இவ்வூர்ச் சந்தையில் ஒரு வேடிக்கையைப் பார்த்தோம். ஒரு பெரிய மனிதர், கீரை விற்கும் ஓர் அம்மாளிடம் கட்டுக்கு 5 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் வாதாடினார். அந்த அம்மாள் சலித்துப்போய்க் கொடுத்துவிட்டார். அவர் அடுத்த கடையில் சோப்பு வாங்கினார். உறையில் அச்சடித்திருந்த விலையை ஒரு வார்த்தையும் பேசாமல் கொடுத்தார். பிறகு நேரே கோவிலுக்குப் போய் 100 ரூபாய் நோட்டை மடித்து உண்டியலில் போட்டார். இவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். அச்சடித்த விலைக்கும் ஆண்டவனுக்கும் பயப்படுகிறோம். வெயிலில் உட்கார்ந்திருப்பவளிடம் நம் வீரத்தைக் காட்டுகிறோம்!

குடியானவன் நிலைமையைப் பாருங்கள். விளைந்ததை மண்டிக்குக் கொண்டுபோனால், "என்ன விலைக்கு எடுத்துக்கொள்ளுகிறீர்கள்?" என்று கேட்கிறான். உரம் வாங்கப் போனால், "என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறான். இரண்டு இடத்திலும் விலை சொல்லுகிறவன் வேறொருவன். ஏனப்பா இப்படி என்றால், "எல்லாம் தலையெழுத்து" என்கிறான்.

விலை தலையெழுத்தா? காப்பியையே எடுத்துக்கொள்ளுவோம். 1962-ல் காப்பி விளைவிக்கும் நாடுகளும் அதை வாங்கும் நாடுகளும் கூடி, எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1989-ல் அந்தப் பங்கீட்டு முறை முறிந்தது. உடனே விலை சரிந்தது. மறுபடி ஏறி, பிறகு இறங்கி, 2001-ல் நியூயார்க் சந்தையில் ஒரு ராத்தல், அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ, 50 அமெரிக்க சென்டுக்கும் கீழே போய்விட்டது. எந்தக் கிரகம் எந்த வீட்டுக்கு மாறியதால் இது நடந்தது? மேசையைச் சுற்றி உட்கார்ந்த மனிதர்கள் செய்த ஏற்பாடு ஒன்று இருந்தது, அது போயிற்று, விலையும் போயிற்று. மனிதன் செய்த காரியத்தை மனிதன் மாற்றவும் கூடும்.

அப்படி மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1988-ல் ஹாலந்து தேசத்தில் "மாக்ஸ் ஹவலார்" என்னும் முத்திரையோடு காப்பித்தூள் கடைக்கு வந்தது. மெக்சிகோ நாட்டு மலைக் குடியானவர்கள் சங்கம் சேர்ந்து விற்ற காப்பி அது. ஜாவாவில் டச்சு ஆட்சியின் கீழ்க் காப்பி பயிரிட்ட மக்கள் பட்ட கொடுமையைச் சொன்ன 1860-ம் வருஷத்து நாவல் ஒன்றின் பெயரையே முத்திரைக்கு வைத்தார்கள். இம்முறையின் சங்கதி சுலபமானது. சந்தை எவ்வளவு விழுந்தாலும் ஒரு குறைந்தபட்ச விலைக்குக் கீழே வாங்கக் கூடாது. சந்தை விலை அதற்கு மேலே ஏறினால் அந்த விலையைக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம், பாதை, கிணறு போன்ற பொதுக் காரியங்களுக்கென்று கொஞ்சம் சேர்த்தும் கொடுக்க வேண்டும். 2001-ல் சந்தை 50 சென்டுக்குக் கீழே கிடந்தபோது, இம்முறையில் மெக்சிகோ முதலிய நாடுகளின் அராபிகாக் காப்பிக்கு 121 சென்டு விலையும் 5 சென்டு பொதுநிதியும் கிடைத்தன. 2023 ஆகஸ்டில் குறைந்தபட்ச விலை 180 சென்டு ஆக்கப்பட்டது; அப்போது பொதுநிதி 20 சென்டாக இருந்தது. யாகம் செய்து வந்ததல்ல இது. கணக்குப் போட்டு வந்தது.

சரி, முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்றால், அங்கேதான் நாம் எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. நாமமோ விபூதியோ இருப்பதனால் ஒருவன் யோக்கியன் என்று நாம் ஒப்புக்கொள்ளுகிறோமா? நெற்றிக் குறிக்கு ஒரு நியாயம், பொட்டலக் குறிக்கு ஒரு நியாயம் இல்லை. முதலாவது, அந்த விலை குடியானவனுடைய சங்கத்துக்குத்தான் போகிறது. சங்கச் செலவு போக மிச்சந்தான் அவன் கைக்கு வரும். இரண்டாவது, விளைந்தது முழுவதையும் இந்த விலைக்கு வாங்க ஆள் கிடைப்பதில்லை; மீதி பழைய சந்தைக்கே போகிறது. மூன்றாவதுதான் முக்கியம். நிலமில்லாத கூலியாள் என்ன ஆனான்? 2014-ல் லண்டன் சோவாஸ் கல்விக் கழகத்தார் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் ஆராய்ந்து, முத்திரை பெற்ற அமைப்புகள் இருந்த இடங்களில் கூலி மற்ற இடங்களைவிட உயர்வாக இல்லை, பெரும்பாலும் குறைவாகவே இருந்தது என்று அறிக்கை வெளியிட்டார்கள். ஒப்பிட்ட முறை சரியல்ல என்று முத்திரைக்காரர்கள் மறுத்தார்கள். ஆனாலும் கேள்வி கேள்விதானே!

கடைசிப் படியில் நிற்கிறவனை மறந்துபோவது இன்று வந்த வழக்கமுமல்ல. 1791-ல் இங்கிலாந்தில் வில்லியம் பாக்ஸ் என்பவர் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் செய்யும் சர்க்கரையைத் தின்னாதீர்கள் என்றார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சர்க்கரையை விட்டன. நல்ல காரியம், நாம் வணங்கத்தக்க காரியம். பிற்பாடு "கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல" என்று எழுதிய கிண்ணங்கள் அந்நாட்டு வீடுகளில் வைக்கப்பட்டன. ஆனால் அதே காலத்தில், அதே கிழக்கிந்தியக் கும்பெனி ஆண்ட நம் தமிழ்நாட்டில், பறையர், பள்ளர் என்று ஒதுக்கப்பட்ட நம் சகோதரர்கள் பண்ணைகளில் அடிமைகளாய்க் கிடந்தார்கள். விற்கவும் அடகு வைக்கவும் பட்டார்கள். இந்தியாவில் அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று ஆனது 1843-ல்தான். கிண்ணத்தின்மேல் எழுதினவன் கண்ணுக்கு நம் சேரி தெரியவில்லை. இன்று நம் கண்ணுக்குத் தெரிகிறதா?

ஆகவே நாம் என்ன செய்யலாம்? முத்திரை போட்ட பொருள் எதிர்ப்பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: குறி போட்டவன் யார்? எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறான்? அது யார் கைக்குப் போகிறது? பதில் இருந்தால் வாங்குங்கள். நம் கடைப் பொட்டலத்தில் எடை, மாதம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சடிக்கச் சட்டம் இருக்கிறது. விளைவித்தவனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. அது ஏன் என்றும் கேளுங்கள். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கே போங்கள். 1999-ல் மதுரையில் முதலாவதாகத் திறக்கப்பட்ட அந்த ஏற்பாட்டில் விளைவித்தவரே, தரகர் இல்லாமல், தம் கையால் விற்கிறார். கீரைக்காரியிடம் 5 ரூபாயைப் பிடுங்கிக் கோவிலில் 100 ரூபாய் போடுகிற புண்ணியத்தை விட்டுவிடுங்கள். அந்த அம்மாளுக்கு நம் தருமம் வேண்டியதில்லை. உழைப்புக்கு உரிய விலை வேண்டும். கொடுக்கிறவனுக்குக் கைம்மேல் கை. வாங்குகிறவளுக்குக் கைகீழ்க் கை என்பது தருமம். இரண்டு பேருடைய கையும் ஒரே உயரத்தில் இருந்தால் அதுதான் நியாய வியாபாரம், அதுதான் சுயமரியாதை.

இது மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. கூலிச் சட்டமும் தொழிலாளர் சங்கமும் செய்ய வேண்டிய வேலையை நம் கைப்பை செய்துவிடாது. ஆனால் தினம் நாலு தடவை கடைக்குப் போகிற நாம், நாலு தடவையும் ஒரு கேள்வி கேட்டால், நாளைக்குப் பதில் சொல்லாமல் விற்க முடியாது.

நாம் சொன்னோம் என்பதற்காக இதையும் நம்பிவிடாதீர்கள். நாளைக் காலையில் சந்தைக்குப் போய், அந்த அம்மாளிடமே கணக்குக் கேட்டுப் பாருங்கள். விதை என்ன விலை, வண்டிச் சத்தம் எவ்வளவு, விடியற்காலம் எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேளுங்கள். கேட்டபின் உங்கள் அறிவு என்ன விலை சொல்லுகிறதோ அதைக் கொடுங்கள்.