கட்டாமையும் கொல்லாமையே
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் புழல் என்னும் ஊர் உள்ளது. அங்கே ஆதிநாதர் கோயில் கொண்டு எழுந்தருளியுள்ளார். அவ்வூரைக் கடந்தால் செங்குன்றத்தின் அரிசி ஆலைகள், அதன்பின் கவரைப்பேட்டை, அதற்கும் வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழிலையும் மாந்தர்க்குக் கற்பித்தவர் ஆதிநாதர் என்பது சமண மரபு. தொழில் கற்பித்த பெருமானின் ஆலயம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் வழியிலேயே அமைந்திருப்பது ஒரு வினாவை எழுப்புகிறது. வேலை வாங்குவோர்க்கும் வேலை செய்வோர்க்கும் இடையே நிற்க வேண்டிய அறம் யாது?

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இரண்டு கருத்துகள் வலுப்பெற்றன. ஒன்று பகுத்தறிவு, மற்றொன்று விடுதலை. பிறர் சொல்லே துணையென்று இராமல் தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிவதே மனிதனின் முதிர்ச்சி என்று செருமானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1784இல் எழுதினார். மாந்தர் பிறப்பால் உரிமையுடையோர், சமமானோர் என்று பிரெஞ்சு நாட்டின் உரிமைச் சாசனம் 1789இல் அறிவித்தது.

இக்கருத்துகள் சமணர் செவிக்கு முற்றிலும் புதியன அல்ல. மும்மணிகளுள் முதலாவதான நற்காட்சிக்கு மூடமின்மை ஓர் உறுப்பு. உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என மூவகை மூடங்களை அருங்கலச்செப்பு விலக்குகிறது. ஆற்றில் குளிப்பதனாலேயே அறம் வரும் என்று எண்ணுவதும் மூடமே என்று சொல்லத் துணிந்த மரபு இது. எனினும் ‘இவ்வழக்கம் ஏன்?’ என்னும் அவ்வினாவை, மனிதனை மனிதன் கட்டிவைக்கும் வழக்கத்தின்மீது ஓங்கித் தொடுத்தது பிற்கால உலகமே.

அவ்வினா தமிழ் மண்ணுக்கு அச்சேறி வந்தது. 1882 முதல் 1888 வரை சென்னையில் ‘தத்துவவிவேசினி’ என்னும் இதழ் வெளிவந்தது. அதனை நடத்திய சுயசிந்தனையாளர்கள் சாதி, சடங்கு, குழந்தை மணம் ஆகியவற்றை வெளிப்படையாக வினவினர். அவ்வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர், அதற்கு முன்னரே, 1872இல், மிராசுதாரர்க்கும் பாயக்காரிகளுக்கும் இடையேயான நிலவழக்கைப் பற்றி நூல் எழுதியவர். சடங்கை வினவிய அறிவே நிலத்தையும் வினவியது என்பது கருதத்தக்கது.

அந்நாளில் பொன்னேரியும் திருவள்ளூரும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். அம்மாவட்டத்தின் வயல்களில் உழைத்தவர்களுள் பலர் படியாட்கள். அடிமை மீது உரிமை கொண்டாடும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் கூறிவிட்டது. ஆயினும் கட்டு அவிழவில்லை. குடிசை நின்ற மனை மிராசுதாரருடையது. திருமணத்துக்கும் பஞ்ச காலத்துக்கும் வாங்கிய கடன் தலைமேல் நின்றது. எதிர்த்துப் பேசினால் குடியிருக்கும் இடமும் பறிபோகும். மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் இந்நிலைமையை ஆராய்ந்து 1891இல் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு வித்திட்டது. தனக்கென நிலம் இல்லாதவனுக்குச் சட்டம் தரும் விடுதலை ஏட்டளவில் நிற்கும் என்பதை அவ்வாணை ஒப்புக்கொண்டது. அந்நிலங்களுள் பல பின்னர்ப் பிறர் கைக்கு மாறிப்போனது வருந்தத்தக்க வரலாறு.

இன்று வயல்கள் இருந்த இடங்களில் ஆலைகளும் சூளைகளும் எழுந்துள்ளன. படியாள் என்னும் சொல் மறைந்துவிட்டது. முன்பணம் என்னும் சொல் வந்துள்ளது. ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு செங்கற்சூளைக்கு வருவோர் பலர், ஊரிலேயே தரகரிடம் முன்பணம் பெற்று வருகின்றனர். அதனைத் தீர்க்கும் வரை ஊர் திரும்ப இயலாத நிலை சிலருக்கு ஏற்படுகிறது. திருவள்ளூர்ப் பகுதிச் சூளைகளிலிருந்து ஒடிசாத் தொழிலாளரும், செங்குன்றத்து அரிசி ஆலைகள் சிலவற்றிலிருந்து இருளர் குடும்பங்களும் அரசு அலுவலர்களால் மீட்கப்பட்டுள்ளனர். இவை நூறாண்டுக்கு முந்திய செய்திகள் அல்ல. இந்த நூற்றாண்டில் நிகழ்ந்தவை.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. பசி விரட்டிக் கொணரும் உழைப்பு விருப்பத்தால் செய்யும் உழைப்பு ஆகாது என்பது அதன் கருத்து.

ஆனால், உள்ளம் ஒப்பாத இடத்தில் சட்டம் நிலைக்காது. தமிழ்ச் சமணர் இதனை நன்கறிவர். ஜீவபந்து டி.எஸ். ஸ்ரீபால் அவர்கள் ஊர் ஊராகச் சென்று, கோயில்களில் உயிர்ப்பலி வேண்டாம் என்று மக்களிடம் எடுத்துரைத்தார். 1950இல் உயிர்ப்பலித் தடைச் சட்டமும் வந்தது. நெடுங்காலம் உறங்கிய அச்சட்டத்தை 2003இல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. ஆணை திரும்பப் பெறப்படலாம். ஆய்ந்து தெளிந்து மனம் மாறியவனிடமிருந்து அத்தெளிவை எவரும் திரும்பப் பெற முடியாது.

அத்தெளிவுக்குரிய பாடம் சமண நூல்களிலேயே உள்ளது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயல் கொல்லாமை நோன்புக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது. அவை கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றுள் எதுவும் கொலை அன்று. ஆயினும் கொல்லாமை நோன்பைக் குலைப்பவை இவையே. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமோ, மிகுபாரத்தைக் கொல்லாமைக்குக் குற்றமாகச் சொன்னதோடு, பொருள்வரைவு நோன்புக்கும் குற்றமாகச் சொல்கிறது. தாங்க இயலாத சுமையை ஏற்றுவது இம்சை. அதை ஏற்றச் செய்வது பேராசை. ஒரே செயல் இரு நோன்புகளையும் முறிக்கிறது.

இவ்வைந்தையும் வண்டி மாட்டுக்குச் சொன்னவை என்று மட்டும் படிப்பது போதுமா? ஐயறிவு உயிர்க்கு ஆகாதது ஆறறிவு உயிர்க்கு எங்ஙனம் ஆகும்? ஆதார் அட்டையை வாங்கிப் பூட்டிவைப்பது கட்டுதல் அன்றோ? பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கி எட்டு மணிக்குக் கூலி கொடுப்பது மிகுபாரம் அன்றோ? மாதக் கூலியைத் தள்ளித் தள்ளிக் கொடுப்பது உணவைத் தடுப்பதே அன்றோ? இரவு உணவை நீக்கி, நீரை வடிகட்டிப் பருகும் இல்லறத்தார்க்கு இவ்வினாக்கள் கடியனவாகத் தோன்றலாம். நீரில் உள்ள நுண்ணுயிரைக் காக்கும் கண், அந்நீரைச் சுமந்து வந்தவரையும் காண வேண்டும்.

கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் தொழில் நடத்தும் சமணரும் உண்டு; கண்காணிப்பாளராக, கணக்கராக, பணியாளராக உள்ளோரும் உண்டு. கொடுத்த முன்பணத்தையும் கூலியையும் தொழிலாளி படித்தறியும் மொழியில் எழுதிக் கொடுத்தல், அவருடைய அட்டைகளை அவரிடமே விடுதல், கடன் நிலுவை இருப்பினும் ஊர் செல்ல விரும்புவோரைத் தடுக்காதிருத்தல் ஆகிய மூன்றும் எவர்க்கும் இயல்வன. கணக்கு எழுதும் கையில் உள்ளவர், மேலிருப்போர்க்கு இதனைப் பணிவுடன் எடுத்துரைக்கவும் இயலும்.

ஆதிநாதர் கற்பித்த அறுதொழிலுள் எழுத்தும் ஒன்று. இந்த நன்னாளில் சமணர் இல்லங்களிலும் தொழிற்கூடங்களிலும் கூலிக் கணக்கேடு ஒருமுறை திறக்கப்படட்டும். ஐந்து குற்றங்களையும் அருகில் வைத்து அது படிக்கப்படட்டும். அறிவுக்கும் விடுதலைக்கும் அதுவே உகந்த வழிபாடு.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!