பீமுக்கு 27 புள்ளிகள்

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆறாம் வகுப்பில், "உனக்குப் பிடித்த கதாபாத்திரத்தைப் பற்றி எழுது" என்று சொல்லிப் பாருங்கள். "சோட்டா பீம் நல்லவன். பலசாலி. எல்லோருக்கும் உதவுவான்." மூன்றே வரி. "பலசாலி என்று எதைப் பார்த்துச் சொல்கிறாய்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை உடைக்க ஒரு விளையாட்டு எனக்கு உதவுகிறது. அதைத்தான் இன்று பகிர்ந்துகொள்கிறேன்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி விளையாடுவது. ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். "ஆற்றில் வெள்ளம், பாலம் உடைந்துவிட்டது. என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் முடிவு சொல்வார்கள். அது பலித்ததா என்பதை 20 முகப் பகடை சொல்லும்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் ஆறு திறன்கள்: வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், பிறரைக் கவரும் தன்மை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு விதி இருக்கிறது. கையில் 27 புள்ளிகள். அவற்றைக் கொண்டு திறன்களை வாங்க வேண்டும். எல்லாத் திறனும் 8இல் தொடங்கும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் 1 புள்ளி. 14க்கும் 15க்கும் படிக்கு 2 புள்ளி. ஆக, ஒரு திறனை 15 ஆக்க 9 புள்ளி போய்விடும். மூன்று திறன்களை 15 ஆக்கினால் புள்ளிகள் தீர்ந்தன. மற்ற மூன்றும் 8லேயே நிற்கும்.

இந்த அட்டையில் பீமை எழுதச் சொன்னேன். 2008 முதல் போகோ தொலைக்காட்சியில் வரும், ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் உருவாக்கிய தோலக்பூர்ச் சிறுவனை நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஒரே நிபந்தனை: எந்த எண் போட்டாலும், அதற்குச் சான்றாக ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும்.

ஒரு குழு போட்ட கணக்கு இது. வலிமை 15, உடலுறுதி 14, கவரும் தன்மை 13, விவேகம் 12, சுறுசுறுப்பு 10, அறிவு 8. கூட்டினால் 9, 7, 5, 4, 2, 0, சரியாக 27. உடனே ஒருவன் எழுந்தான். "பீமுக்கு அறிவு 8 தானா? எதிரியை ஏமாற்றி மாட்டிவிடுவானே!" என்றான். "சரி, 10 ஆக்கு. அந்த 2 புள்ளியை எங்கிருந்து எடுப்பாய்?" என்றேன். விவாதம் பாட வேளை முடியும்வரை ஓடியது. 'நல்லவன், வல்லவன்' என்ற சொற்கள் வரவே இல்லை. காட்சிகள்தான் வந்தன.

அடுத்த சிக்கல் லட்டு. லட்டு தின்றால் பீமுக்குப் பலம் பெருகும். தொலைக்காட்சியில் லட்டு எப்போது கிடைக்கும் என்பதைக் கதை எழுதுபவர் பார்த்துக்கொள்வார். விளையாட்டில் அளவு வைக்காவிட்டால் பீம் எதிலும் தோற்கமாட்டான். பிள்ளைகளே விதி வகுத்தார்கள்: நாளைக்கு 2 லட்டு, ஒரு லட்டுக்கு, வலிமை தேவைப்படும் ஒரே ஒரு முயற்சியில் 5 கூடும்.

கணித ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம். சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ள 15 வேண்டும் என்று வைப்போம். வலிமை 15 என்றால் பகடை எண்ணோடு 2 கூடும். பகடையில் 13 முதல் 20 வரை எது விழுந்தாலும் வெற்றி. வாய்ப்பு 40 விழுக்காடு. லட்டு தின்றால் 8 விழுந்தாலே போதும், 65 விழுக்காடு. பகடை இல்லையே என்று தயங்க வேண்டாம். 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டால் அதே கணக்குத்தான்.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. எல்லோருக்கும் பீமாகவே இருக்க ஆசை. பீமே எல்லாவற்றையும் செய்தால், சுட்கியாக இருப்பவள் என்ன செய்வாள்? ராஜுவும் ஜக்குவும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். குழுச் செயல்பாடு கொடுக்கும்போது நம் வகுப்பில் நடப்பதும் இதுதானே? கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுதும். மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும். பேசிப் பழகுங்கள் என்று அந்த மூவரிடம் சொல்வதால் இது மாறாது. பணியின் அமைப்பை மாற்ற வேண்டும்.

அதனால் கதையை இப்படி அமைத்தேன். மரத்தின் உச்சியில் சாவி; அங்கே ஏறக் குரங்கான ஜக்குவால்தான் முடியும். லட்டுகள் சுட்கியின் பையில். எப்போது கொடுப்பது என்பது அவள் முடிவு. சுவரிலுள்ள சிறிய ஓட்டைக்குள் ராஜு மட்டுமே நுழைய முடியும். கதவைத் தள்ளப் பீம் வேண்டும். நால்வரில் ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் கதை நகராது. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளிடம், "நீ சொல்லு, சீக்கிரம் சொல்லு" என்று மற்றவர்கள் கெஞ்சுவதை அப்போது பார்க்கலாம்.

காலியாவுக்கும் ஓர் அட்டை எழுதச் சொல்லுங்கள். அவனுக்கும் அதே 27 புள்ளிதான். வம்புக்காரனிடம் என்ன திறன் இருக்கிறது என்று தேடும் பிள்ளை, பக்கத்து பெஞ்சுக்காரனையும் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கும்.

ஓர் எச்சரிக்கை. இந்த அட்டை கதாபாத்திரத்துக்கு மட்டுமே. "உனக்கு அறிவு 8" என்று எந்தப் பிள்ளைக்கும் எண் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளவும் விடாதீர்கள். ஒரே எண்ணால் அளக்கப்பட்ட அனுபவம் அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

செலவு என்று எதுவும் இல்லை. பழைய நோட்டின் தாள்கள், 20 சீட்டு, இரண்டு பாட வேளை. முதல் வேளையில் அட்டை, இரண்டாவதில் ஆட்டம். அதன்பின் அதே பாத்திரத்தைப் பற்றி மீண்டும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை அடுத்த கூட்டத்தில் நீங்கள் சொல்ல, நான் கேட்க வேண்டும்.