எழுத்தின் எல்லை எங்கே?
முனையத் திரையில் தமிழுக்கு ஓர் எழுதுபெட்டி

(கோரிமேட்டில் நிகழ்த்தப்பெற்ற பத்தாண்டு நிறைவு விழா உரையின் எழுத்துவடிவம்)



புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் கோரிமேட்டைக் கடந்ததும் தமிழ்நாட்டின் எல்லை வந்துவிடுகிறது. மண் அதே மண். மரமும் அதே மரம். எனினும் எல்லை உண்டு. எங்கோ ஒரு காலத்தில் எவரோ வகுத்த கோட்டை அதிகாரமும் பழக்கமும் காத்து வருகின்றன. எழுத்தின் எல்லையும் அவ்வாறு வகுக்கப்பட்டதே. ஓர் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தமிழில் இலக்கண ஆசிரியர்கள் வகுத்தார்கள். கணிப்பொறி வந்தபின் அவ்வதிகாரம், தமிழ் அறியாத பொறியாளர் எழுதிய சில அட்டவணைகளுக்குச் சென்றுவிட்டது. இதனால் கவிஞர்க்கு விளையும் இடர் என்ன, அதனைத் தீர்க்கும் வழி என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

முனையமும் எழுதுபெட்டியும்

கணிப்பொறி பேரறையை அடைத்துக்கொண்டிருந்த நாளில், பயன்படுத்துவோர் தொலைவிலிருந்து ஒரு திரையும் விசைப்பலகையும் கொண்டு அதனோடு உரையாடினர். அக்கருவியே முனையம். டி.இ.சி. நிறுவனம் 1978இல் வெளியிட்ட வி.டி.100 அவற்றுள் பெயர்பெற்றது. அதன் திரை வரிக்கு 80 கட்டமாக 24 வரி கொண்டது. இந்த 80 என்னும் எண், ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் கொணர்ந்த துளையட்டையின் 80 நெடுவரிசைகளின் எச்சமாகும். அக்கருவிகள் மறைந்தன, ஆனால் அவற்றின் நடத்தை மறையவில்லை. இன்றைய லினக்ஸ் கணிப்பொறியிலும் முனையம் ஒரு சாளரமாக வாழ்கிறது. எழுத்துகளையும் கோடுகளையும் மட்டுமே கொண்டு அதனுள் பட்டியல்களும் படிவங்களும் அமைக்கின்றனர். அவற்றுள் பயனர் தட்டச்சு செய்யும் சிறு பகுதியே எழுதுபெட்டி. ஆங்கில வழக்கில் விட்ஜெட் என்பர்.

பார்வைக்கு எளிய அப்பெட்டி நான்கு பணிகளைச் செய்தாக வேண்டும். உரையைச் சேமித்தல் முதற்பணி. கர்சர் என்னும் நிலைகாட்டியை நகர்த்துதல் இரண்டாவது. உரையைத் திரையில் வரைதல் மூன்றாவது. அழித்தலும், அழித்ததை மீட்டலும் நான்காவது. சேமிப்பதற்கு ஒரு நல்ல உத்தி உண்டு. கர்சர் நிற்குமிடத்தில் உரையை இரண்டாகப் பிரித்து நடுவே வெற்றிடம் விட்டுவைப்பர். புதிய எழுத்து அவ்வெற்றிடத்தை நிரப்பும். ஒவ்வோர் எழுத்துக்கும் பின்வரும் உரை முழுவதையும் தள்ள வேண்டியதில்லை. ஈமேக்ஸ் என்னும் புகழ்பெற்ற தொகுப்பான் இம்முறையையே கையாள்கிறது.

ஆங்கிலத்துக்கு இந்நான்கும் இடரின்றி அமைந்தன. ஓர் எழுத்து, ஓர் எண், ஒரு பைட், ஒரு கட்டம் என நான்கு அளவைகளும் அங்கே ஒன்றாகவே இருந்தன. தமிழில் இந்நான்கும் நான்கு வேறு அளவைகள்.

ஓர் ஊர்ப்பெயரின் கணக்கு

கோரிமேடு என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். கோ, ரி, மே, டு என நான்கு எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்மெய்க்குத் தனி எண் இல்லை. மெய்க்குரிய அகரமேறிய வடிவுக்கு ஓர் எண், அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கு ஓர் எண் எனப் பிரிந்து நிற்கும். ஆகவே கோரிமேடு எட்டு எண்களாகிறது. யு.டி.எஃப்.-8 என்னும் சேமிப்பு முறையில் தமிழ் எண் ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். எட்டும் சேர்ந்து 24 பைட். மேலும், ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடு விதி. அதனை அறியாத எழுதுபெட்டியில், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு கோரிமேடுகள் வெவ்வேறு சொற்களாகிவிடும். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

கட்டக் கணக்கு இதனினும் விந்தையானது. எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் குன் எழுதிய சிறு நிரலொன்று உலகெங்கும் படியெடுக்கப்பட்டது. யூனிகோடு அட்டவணை குறிகளை இடம் கொள்பவை, இடம் கொள்ளாதவை என இருவகையாகப் பிரித்திருந்தது. அந்நிரல் முன்னதற்கு ஒரு கட்டமும் பின்னதற்குச் சுழியும் தந்தது. தமிழ் உயிர்க்குறிகளுள் ஈகாரக் குறி மட்டும் இடம் கொள்ளாதவற்றுள் சேர்ந்தது, புள்ளியும் அவ்வாறே. இகரக் குறியோ இடம் கொள்வதாயிற்று. விளைவு: சி இரண்டு கட்டம் பெற்றது, சீ ஒரே கட்டம் பெற்றது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பயின்ற தமிழர்க்கு, குறிலுக்கு இரண்டும் நெடிலுக்கு ஒன்றும் அளக்கும் கருவி வந்து வாய்த்தது.

இக்கணக்கின்படி சிலம்பு என்பது ஆறு கட்டம்; சீவகன் என்பது நான்கே கட்டம். இலக்கணப்படியோ இரண்டும் நான்கெழுத்துச் சொற்கள். முனையத்துக்கும் எழுதுபெட்டிக்கும் இடையே உரை மட்டுமே செல்கிறது. எத்தனை கட்டம் நிரம்பிற்று என்ற செய்தி தானாகத் திரும்புவதில்லை. இருபுறமும் தத்தம் அட்டவணையைக் கொண்டு தனித்தனியே கணிக்கின்றன. 2023இல் பைத்தன் மொழிக்குரிய அகல நிரல் தமிழ்க்குறிகளின் கணக்கைத் திருத்திக்கொண்டது; பழைய அட்டவணையே தங்கிய இடங்களும் உண்டு. இரு கணக்கும் ஒவ்வாதபோது கர்சர் ஓரிடத்தில் மின்னும். எழுத்து வேறிடத்தில் விழும். பெட்டியின் வலப்பக்கக் கோடு வரிக்கு வரி கோணலாகும். கண் காணும் எழுத்தை அழிக்க விசையை அழுத்தினால், காணாத எழுத்து அழிந்துபோகும்.

முன்னோர் கண்ட வழிகள்

கருவிக்கும் எழுத்துக்கும் இடையிலான இப்பூசல் புதிதன்று. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் இடவில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடாது நின்றன. வீரமாமுனிவர் (1680–1747) அவற்றைப் பிரித்துக் காட்டினார். அதற்கு முன்னர், படிப்பவரே இடமறிந்து உணர்ந்துகொண்டார். 1955இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஓலைச்சுவடி படிப்போர் இவ்வருமையை நன்கறிவர். மனிதக் கண்ணுக்கு அவ்வுணர்வு உண்டு. கருவிக்கு அதனை விதியாகவே சொல்லித் தரவேண்டும்.

தட்டச்சுப் பொறி வந்தபோது, புள்ளி போன்ற குறிகளுக்கு உருளையை நகர்த்தாத விசைகளை அமைத்தனர். இடம் கொள்ளாத குறி என்னும் கருத்து அங்கேயே வேர்கொண்டுவிட்டது. வி.டி.100 வெளிவந்த அதே 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் கூட்டு வடிவங்கள் நீங்கி, மெய்வடிவும் குறியும் தனித்தனியே நின்றன. பொறிக்கு அது பேருதவியாயிற்று.

கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் 1980களிலேயே ஆதமி என்னும் தமிழ்த் தொகுப்பானை உருவாக்கினார். இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் முளைத்து, புனேயின் சீ-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை, டாஸ் இயங்குதளத்தின் எழுத்துத் திரையில் இந்திய எழுத்துகளைக் காட்டியது. இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி முறையைத் தழுவியே 1991இல் யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியது. 1990களின் இறுதியில் இணையத் தமிழர்கள் கலந்து பேசி டிஸ்கி என்னும் குறியீட்டை வகுத்தனர். அது கண்ணுக்குத் தெரியும் வடிவங்களுக்கே எண் தந்தது. கொம்பு, ககரம், கால் என்று கண்ட வரிசையிலேயே கொ சேமிக்கப்பட்டது. கட்டத் திரைக்கு அது இசைவானதே. ஆனால் கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவே கர்சர் புகுந்து எழுத்தைப் பிளக்கும். அகரவரிசை அமைத்தலும் கடினமாகும். எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறையைத் தமிழ்நாட்டரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. எழுத்தெண்ணுவதற்கு அது நேர்வழி. எனினும் உலகின் கருவிகள் யூனிகோடிலேயே நிலைத்துவிட்டன. ஆகவே தீர்வைக் குறியீட்டில் தேடுவதைவிட எழுதுபெட்டியிலேயே தேடுவது தக்கது.

நல்ல பெட்டிக்குரிய விதிகள்

கர்சர் எழுத்து எழுத்தாகவே நகரவேண்டும். இது முதல் விதி. உயிர்மெய்யின் உள்ளே அது நிற்றல் ஆகாது. யூனிகோடு அமைப்பே எழுத்துத் தொகுதி என்னும் விதியை வகுத்திருக்கிறது. அதன்படி கோரிமேடு நான்கு தொகுதியே. ஆயினும் க்ஷ, ஸ்ரீ ஆகியவை அவ்விதியில் இவ்விரண்டு தொகுதிகளாகப் பிரியும். அவற்றுக்குத் தமிழ்க்கென ஒரு சேர்க்கை வேண்டும். ஓபன்-தமிழ் என்னும் பைத்தன் நிரல்தொகுப்பு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. பெட்டி சமைப்போர் அதனைத் துணைக்கொள்ளலாம்.

அழிப்பதில் இருவகை வேண்டும் என்பது இரண்டாம் விதி. கவி என்று தட்டச்சு செய்தவர் அதனைக் காவி ஆக்க விரும்பினால் கர்சரைக் ககரத்தின் பின் வைத்துக் காலைச் சேர்த்தால் போதும். கலி என்பதைக் கலை ஆக்க விரும்புவோர்க்கு இகரக் குறி மட்டும் போகவேண்டும், லகரம் நிற்கவேண்டும். ஆகவே பின்னோக்கி அழிக்கும் விசை கடைசிக் குறியை மட்டும் நீக்குவதும், முன்னோக்கி அழிக்கும் விசை முழு எழுத்தையும் நீக்குவதும் பொருந்தும். பல தொகுப்பான்களின் வழக்கமும் இதுவே. அழித்ததை மீட்கும்போது, தட்டியவர் செய்த படி எதுவோ அதுவே திரும்பவேண்டும்.

அகலத்தை ஊகித்தல் கூடாது என்பது மூன்றாம் விதி. கர்சர் எங்கே நிற்கிறது என்று முனையத்தைக் கேட்க ஒரு கட்டளை வி.டி.100 காலந்தொட்டே உண்டு. முனையம் வரியையும் கட்டத்தையும் எண்ணாகச் சொல்லும். தொடக்கத்திலேயே சி, சீ, கொ, க் ஆகியவற்றை எழுதிப் பார்த்து, முனையம் தரும் விடைகளைக் குறித்துக்கொண்டால், பெட்டி அதன்பின் முனையத்தோடு முரண்படாது.

கவிஞர் தரும் தேர்வு

இவ்விதிகளைக் கைக்கொண்டதாகச் சொல்லும் பெட்டியைச் சோதிக்கத் தக்கவர் எவர்? கவிஞரே. விகடகவி என்னும் சொல்லைத் திருப்புமாறு ஏவினால் போதும். எழுத்தறிந்த நிரல் அதே சொல்லைத் தரும். எண் மட்டும் அறிந்த நிரலோ முதலில் இகரக் குறியை அநாதையாகத் தொங்கவிட்டு, வ, க, ட, கி, வ என்று உளறும். சீர்காழிப் பதியில் சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தை அந்நிரலிடம் தந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்டியலங்காரம் கூறும் மிறைக்கவிகளுள் கட்டம் வரைந்து எழுத்தை நிரப்புவன உண்டு. அங்கே கட்டத்துக்கு ஓர் எழுத்து; குறிலாயினும் நெடிலாயினும் ஒன்றே. திரையைக் கட்டமாகக் காணும் கலை தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று.

கட்டளைக் கலித்துறையின் கணக்கும் அத்தகையதே. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கிப் பதினாறெழுத்து. நிரையசையில் தொடங்கினால் பதினேழு. எழுதுபெட்டியின் ஓரத்தில், ஒற்று நீக்கிய எழுத்தெண்ணிக்கையை அடிதோறும் காட்டுவது எளிது. உயிரையும் மெய்வடிவையும் எண்ணி, புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் போதும். ஆனால் அதனை எழுத, இக்கணக்கு ஒன்று உண்டு என்பதை நிரலாளர் அறிந்திருக்க வேண்டும். அறிந்தோர் சொல்லாவிடில் அவர் எங்ஙனம் அறிவார்?

பத்தாண்டு பாவும் உரையும் வளர்த்த இலக்கிய வட்டம் இனிச் செய்யத்தக்க பணி இஃது. மாலைமாற்றுகள் சில, கட்டளைக் கலித்துறைகள் சில, வடவெழுத்துக் கலந்த பெயர்கள் சில. ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் எழுத்தெண்ணிக்கை. நான்கு பக்கம் கொள்ளும் அத்தேர்வுத்தாளை உறுப்பினர் தொகுத்து, உரிமை எதுவும் கோராது நிரலாளர் கையில் சேர்ப்பாராயின், எழுத்தின் எல்லையை வகுக்கும் உரிமை மீண்டும் எழுத்தறிந்தோரிடம் வந்துசேரும்.