நோயாளியின் பேச்சிலிருந்து தொடங்குவோம்



மருத்துவத் துறை மாணவர்களுக்கு ஜெர்மன் மருத்துவச் சொற்களை எப்படிக் கற்பிப்பது என்பதைப் பேசக் குற்றாலத்தில் கூடியிருக்கிறோம். இரண்டு நாளும் கட்டுரைகள் வாசிக்கப்போகிறவர்கள் நீங்கள். தலைமை ஏற்றவன் என்ற முறையில் நான் ஒரே ஒரு கருத்தை வாதாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை ஜெர்மன் மருத்துவச் சொல்லைத் தமிழிலிருந்து நேராகக் கற்க வேண்டும். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன.

தேவை எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியும். ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் வரும் கேரளத்திலிருந்து 1960களிலேயே செவிலியர் மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். ஜெர்மன் அரசு அமைப்புகள் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் ‘டிரிபிள் வின்’ திட்டம் 2013இல் தொடங்கியது. கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் 2021 டிசம்பரில் அதற்காக ஒப்பந்தம் செய்தது. இந்தியாவும் ஜெர்மனியும் 2022 டிசம்பர் 5 அன்று குடிபெயர்வு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இந்தியத் திறன்பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்தப்போவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. கதவு திறந்திருக்கிறது. ஆனால் ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் ஜெர்மன் மொழியில் பி2 நிலைச் சான்றிதழ் இல்லாமல் செவிலியராகப் பதிவு கிடைக்காது. மருத்துவர்களுக்கோ தனியாக ஒரு துறைமொழித் தேர்வே இருக்கிறது. இருபது நிமிடம் நோயாளியோடு பேச வேண்டும், இருபது நிமிடத்தில் அதை எழுத வேண்டும், இருபது நிமிடம் இன்னொரு மருத்துவரிடம் விளக்க வேண்டும்.

அந்த முதல் இருபது நிமிடத்தில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். சொற்பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு ‘ப்நொய்மோனீ’ தெரிகிறது. நோயாளி அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அவர் ‘லுங்கன்என்ட்சுண்டுங்’ என்கிறார். லுங்கெ என்றால் நுரையீரல், என்ட்சுண்டுங் என்றால் அழற்சி. மஞ்சள் காமாலைக்கு அவர் சொல்லும் பெயர் ‘கெல்ப்சுஹ்ட்’. அதில் ‘கெல்ப்’ மஞ்சள். நம் ஊரில் வைத்தியர் ஒரு பெயரும் வீட்டார் ஒரு பெயரும் சொல்வது போலவே அங்கேயும் பல நோய்களுக்கு இரண்டு பெயர் உண்டு. லத்தீன், கிரேக்கப் பெயர் மருத்துவர்களுக்குள் புழங்குவது. வீட்டுப் பெயர் நோயாளியிடம் புழங்குவது. பாடப்புத்தகம் முதலாவதைத் தருகிறது. படுக்கையருகே கேட்பது இரண்டாவது.

இனி என் வாதத்தின் உயிர்நிலைக்கு வருகிறேன். “எனக்குக் குளிருது” என்று நாம் சொல்கிறோம். ஜெர்மன்காரர் ‘மீர் இஸ்ட் கால்ட்’ என்கிறார். ‘மீர்’ என்பது நம்முடைய ‘எனக்கு’தான், அதே நான்காம் வேற்றுமை. ஆங்கிலம் வழியாக வருகிற மாணவி ‘நான்’ என்று தொடங்கி ‘இஹ் பின் கால்ட்’ என்று சொல்லிவிடுகிறாள். அது கல்நெஞ்சக்காரி என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வதாகக் காதில் விழும். ‘மீர் இஸ்ட் ஷ்லெஹ்ட்’ என்று ஒரு முதியவர் சொன்னால், எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது என்று பொருள். உடனே தட்டை எடுத்து நீட்ட வேண்டும். ஷ்லெஹ்ட் என்றால் ‘மோசம்’ என்று மட்டும் படித்தவள், ஏதோ மனக்குறை என்று எண்ணி ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்பாள். “எனக்குக் கிறக்கமா வருது”, “எனக்குத் தலை வலிக்குது” என்று தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் கேட்கும் பேச்சு அத்தனையும் ‘எனக்கு’ என்று தொடங்குகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றை ஜெர்மனில் ‘மீர்’ என்றே தொடங்கலாம்.

வலியை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் “வலிக்குது” என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. குத்துது, எரியுது, இழுக்குது, தெறிக்குது, கடுக்குது என்று பிரித்துச் சொல்வார்கள். ஜெர்மனியிலும் வலியைப் பற்றிக் கேட்கும்போது ஷ்டெஹெண்ட், ப்ரென்னெண்ட், ட்ஸீயெண்ட், போஹெண்ட் என்று வகை கேட்பார்கள். குத்துவது, எரிவது, இழுப்பது, தெறிப்பது. இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிறது என்று நம் ஆச்சி சொல்வதை அப்படியே ‘ட்ஸீயெண்ட்’ என்று எழுதலாம். இவ்வளவு நெருக்கமான ஒரு வழி கையில் இருக்கும்போது மூன்றாவது மொழியின் அகராதியைப் புரட்டுவானேன்?

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. அங்கே எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். நாம் இருபத்து நான்கு என்கிறோம். அவர்கள் நாலும் இருபதும் என்று ஒன்றின் இலக்கத்தை முன்னால் சொல்வார்கள், ‘ஃபியர் உண்ட் ட்ஸ்வான்ட்ஸிஹ்’. பணிமாற்ற நேரத்தில் இரவுச் செவிலி வேகமாகச் சொல்லும்போது 24 அலகு இன்சுலின் 42 ஆகக் குறிக்கப்பட்டால் நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. தசமத்துக்கும் அவர்கள் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைக்கிறார்கள். அரை மில்லிகிராமை 0,5 என்று எழுதுவார்கள். எண்களை மாணவர்கள் காதால் கேட்டுக் கையால் எழுதும் பயிற்சி தினமும் நடக்க வேண்டும். என் கணக்கில் இது இலக்கணப் பாடத்தை விட முக்கியம்.

உறவுமுறை விளிப்பும் அப்படித்தான். வார்டில் ஆச்சி, தாத்தா, அண்ணாச்சி என்று அழைத்துப் பழகிய நாக்கு நம்முடையது. அங்கே முதிய பெண்மணியைப் ‘பாட்டி’ என்று அழைத்தால் அவர் மனம் நோகலாம். குடும்பப் பெயருக்கு முன் ‘ஃப்ராவ்’ சேர்த்து, ‘ஸீ’ என்ற மரியாதை வடிவில்தான் பேச வேண்டும். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அங்கே செவிலியின் வேலை. இங்கே அவற்றைப் பெரும்பாலும் உறவினர் செய்துவிடுவதால் நம் பாடத்தில் அந்தச் சொற்கள் மெலிந்து கிடக்கின்றன. சோப்புத் துண்டு முதல் மலச்சட்டி வரை படுக்கையைச் சுற்றிய அத்தனைக்கும் ஜெர்மன் பெயர் தெரிய வேண்டும்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் எதிர்த் திசையிலிருந்து ஒருவர் நடந்தார். தரங்கம்பாடி மிஷனின் யோஹான் எர்ன்ஸ்ட் கிரூண்ட்லர், தமிழ் வைத்தியத்தைக் கற்று, 1711இல் தமிழ் மருத்துவம் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். தமிழ் நோய்ப் பெயர்களை அவர் தமிழ் வைத்தியத்திலிருந்தே நேராகப் பெற்றார். பாளையங்கோட்டையில் 1820 முதல் 1838இல் மறையும்வரை வாழ்ந்த மிஷனரி ரேனியுஸும் பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானியர். நெல்லைச் சீமை மக்களோடு பேசிப் பழகித் தமிழ் இலக்கணமே எழுதினார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். பிறகு தமிழுக்கு மாறி, கலைச்சொற்கள் தொகுத்து, மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். மூவரும் தாங்கள் சேவை செய்யவேண்டிய மக்களின் பேச்சைத்தான் கற்றார்கள். தாய்மொழி வழியாகவே கல்வி ஏறும் என்று ஓயாமல் சொன்ன தமிழறிஞர் டி.கே.சி. வாழ்ந்த ஊர் இது. இதை இங்கே சொல்வது எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஆகவே இந்தக் கருத்தரங்கிடம் ஒன்று கேட்கிறேன். கட்டுரைத் தொகுதி ஒன்றை அச்சிட்டு மூட்டை கட்டிவிடாதீர்கள். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் தம் நோயைச் சொல்லும் வாக்கியங்களை, பெயர் விவரம் இல்லாமல், மாணவர்களைக் கொண்டே திரட்டுங்கள். அருவிக்கரையில் வழுக்கி விழுந்தவர் சொல்லும் வாக்கியம்கூட அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஜெர்மன் நோயாளி சொல்லும் வாக்கியம், அதற்குக் கீழே மருத்துவர் எழுதும் சொல், தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, கூடவே ஒலிப்பதிவு. சென்னை வரை போய்ப் படிக்க வசதியில்லாத பிள்ளைக்கு அது கைபேசியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பயிற்றுநர்கள் இன்று பிற்பகல் அமர்விலேயே அதற்கான குழுவை அமைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.