வழிகாட்டி வேண்டும், குரு வேண்டாம்

(வந்தவாசியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியத் தோழர் ஒருவர் பேசியதன் சாரம்)



இன்று புற்றுநோயைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டுக் கொண்டீர்கள். நான் வைத்தியன் அல்ல. முப்பது வருஷ காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். ஆகையால் மருந்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இந்நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் வாலிபர்களை யார் உண்டாக்குவது, எப்படி உண்டாக்குவது என்பதைப் பற்றியே பேசப் போகிறேன். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டென்று நினைக்கிறேன். நான் சொல்லுவதைக் கேட்டு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஒத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

என் தமக்கை கோரைப் பாய் நெய்தவள். அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று வந்தது. வெட்கத்தினால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகு ஒரு வருஷம் மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். பட்டணத்துக்குக் கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. அவள் செத்த பிறகு வந்தவர்களெல்லாம், "தலையெழுத்து, யார் என்ன செய்ய முடியும்?" என்றார்கள்.

அது தலையெழுத்தா என்று பார்ப்போம். திண்டுக்கல் ஜில்லாவில் 2000-ம் வருஷம் ஒரு பரிசோதனை ஆரம்பித்தார்கள். அம்பிளிக்கையிலுள்ள ஆஸ்பத்திரியும், அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சு தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து அதை நடத்தின. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துப் பின் லியோனுக்குப் போன டாக்டர் சங்கரநாராயணன். பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. வினிகரில் இருக்கிறதே அசெட்டிக் அமிலம், அதை நீர்க்கக் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவி, பழக்கப்பட்ட நர்சுகள் வெறும் கண்ணால் பார்த்தார்கள். வெளுத்துத் தெரிந்தால் மேற்கொண்டு சோதித்துச் சிகிச்சை செய்தார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில், இந்தச் சோதனைக்கு அழைக்கப்பட்ட கூட்டத்தில் மட்டும் சுமார் 49 ஆயிரம் பேர். 2007-ல் முடிவு வெளியாயிற்று. சோதனை நடந்த ஊர்களில் இந்நோய் வந்தது நூற்றுக்கு 25 பங்கும், இதனால் ஏற்பட்ட சாவு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. இப்போது சொல்லுங்கள், அழிந்து போனது யாருடைய தலையெழுத்து? பிரமன் எழுதினதை ஒரு நர்சு அமிலம் தடவிய பஞ்சினால் அழிக்க முடியுமானால், அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு?

ஆனால் இந்த உண்மை வானத்திலிருந்து விழவில்லை. ஒருவர் கேள்வி கேட்டார். பலர் ஊர் ஊராக நடந்து கணக்கெடுத்தார்கள். அந்த ஒருவரையும் அந்தப் பலரையும் யாரோ ஒருவர் பழக்கியிருக்கிறார். நம் தேசத்தில் குறைவாயிருப்பது அந்தப் பழக்குகிறவர்கள்தான் என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

"பணக்கார தேசத்தார் கண்டு பிடிக்கட்டும், நாம் வாங்கிக் கொள்வோம்" என்று சிலர் சொல்லுகிறார்கள். அவர்கள் தங்கள் ஊர் நோயைத்தானே முதலில் பார்ப்பார்கள்? 2022-ம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் 14 லட்சம் பேருக்கு மேல் புதிதாகப் புற்றுநோய் வந்தது. 9 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருஷத்தில் என் தமக்கைக்கு வந்த நோயினால் உலகமெங்கும் செத்த பெண்கள் சுமார் மூன்றரை லட்சம். அதில் நூற்றுக்கு 94 பேர் ஏழை தேசங்களிலும் நடுத்தர வருமான தேசங்களிலும் இருந்தவர்கள். சாவு நம் பக்கத்திலும் ஆராய்ச்சி அவர்கள் பக்கத்திலும் இருந்தால், நமக்கு வேண்டிய கேள்வியை யார் கேட்பது?

கேள்வி நோயாளியின் பக்கத்தில்தான் பிறக்கிறது. இன்று கன்னியாகுமரி ஜில்லாவிலிருக்கும் நெய்யூரில், அன்று திருவாங்கூர் ராஜ்யமாயிருந்த காலத்தில், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஐ. எம். ஆர் என்ற வைத்தியர், வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களுக்கு வருகிற வாய்ப்புற்றைப் பற்றி 1933-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற சத்திர வைத்தியர் சாயத் தொழிற்சாலை வேலையாட்களுக்கு மூத்திரப்பையில் கட்டி வருவதைக் கண்டு 1895-ல் வெளியிட்டார். நெய்யூரில் வெற்றிலையைக் கண்டவனும், பிராங்க்பர்ட்டில் சாயத்தைக் கண்டவனும் அங்கங்கே இருந்தபடியால்தான் கண்டார்கள். பக்கத்து ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு ஏதோ வந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ருஜு இல்லை. உண்டா, இல்லையா என்று தறியோரமும் சாயத் தொட்டியோரமும் உட்கார்ந்து பத்து வருஷம் கணக்கெடுக்க, அந்தத் தெருவிலேயே பிறந்த ஒரு பிள்ளை வேண்டும் என்றுதான் சொல்லுகிறேன்.

நிற்க. பிள்ளை இருந்தால் போதுமா? என்னிடம் படித்த ஒரு பெண், நெசவுக் குடும்பத்துப் பெண், நன்றாகப் படித்து மேல் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போனாள். இடத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அவள் கேள்வி கேட்டால் "முதலில் அடங்கி நடக்கக் கற்றுக்கொள்" என்பார்களாம். அவள் இரண்டு வருஷம் உழைத்து எடுத்த கணக்கு அச்சில் வந்தபோது மேலதிகாரியின் பெயர் முதலில் இருந்தது. இவள் பெயர் இல்லவே இல்லை. உபகாரச் சம்பளத்துக்கு எப்படி விண்ணப்பம் போடுவது, வியாசத்தை எப்படி எழுதுவது, யாரைப் போய்ப் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அதெல்லாம் சாப்பாட்டு வேளையில் அப்பா சொல்லிவிடுகிறார். நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு யார் சொல்லுவார்? அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். இன்று ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அவளுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, நஷ்டம் நமக்குத்தான்.

இதைத்தான் நம் தேசத்தில் குருகுல சம்பிரதாயம் என்று பெருமையாகச் சொல்லுகிறார்கள். துரோணர் - ஏகலைவன் கதையைப் பாருங்கள். வாத்தியார் சொல்லிக் கொடுக்கவில்லை. பையன் தானே கற்றுக் கொண்டான். ஆனாலும் கட்டை விரலை வெட்டி வாங்கிக் கொண்டார். அதைக் குருபக்தி என்று கொண்டாடுகிறோம். விரலை வெட்டி வாங்கிய பிறகு வில்வித்தை எப்படி வளரும்? இன்றைய ஆராய்ச்சிசாலைகளில் ஒருவரும் விரலைக் கேட்பதில்லை. மாணவனுடைய பெயரைக் கேட்கிறார்கள், கேள்வியைக் கேட்கிறார்கள், வாயைக் கேட்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான்.

வேறு விதமான வாத்தியார்களும் நம் தேசத்தில் இருந்திருக்கிறார்கள். பம்பாயில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 1941-ல் ஏற்பட்டது. அங்கே கானோல்கர் என்ற பெரிய நோய்க்குறி நிபுணர் இருந்தார். அவரிடம் வேலை பழகிய கமல் ரணதிவே என்ற அம்மையார் 1949-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கானோல்கர் அவரைத் தன் கீழேயே வைத்துக் கொள்ளாமல், அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜார்ஜ் கெய் என்பவரிடம் போய், உயிரணுக்களை உடம்புக்கு வெளியே வளர்க்கும் வித்தையைக் கற்று வரத் தூண்டினார். அம்மையார் போனார், கற்றார், திரும்பி வந்து இந்தியாவிலேயே முதலாவதான அவ்வித ஆராய்ச்சிசாலையைப் பம்பாயில் அமைத்தார். பிறகு அவரே பலருக்கு வழிகாட்டி, வெளிநாட்டிலுள்ள நம் படிப்பாளிகள் திரும்பி வர வேண்டுமென்று சொல்லி வந்தார். 1973-ல் பெண் விஞ்ஞானிகளுக்கென ஒரு சங்கமும் ஏற்படுத்தினார்.

இன்னொன்று. புகையிலையினால் வாயிலும் தொண்டையிலும் வரும் புற்றைப் பற்றி 1955-ல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் ஒரு வியாசம் வந்தது. அதன் மேலே மூன்று பெயர்கள்: சங்வி, ராவ், கானோல்கர். வாத்தியாருடைய பெயர் கடைசியில் இருக்கிறது. துரோணர் விரலை வாங்கினார். கானோல்கர் இடத்தைக் கொடுத்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் சென்னைக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைத் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்று நீங்கள் அறிவீர்கள். அவருடைய தங்கை 1923-ல் புற்றுநோயால் செத்தார். அந்த அம்மையார் அழுதுவிட்டுத் திதி கொடுத்துக் கொண்டிருக்கவில்லை. முப்பது வருஷம் விடாமல் முயன்று 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் பழகி வந்து அதை நடத்தினார். 1955-ல் டாக்டர் சாந்தா என்ற இளம் பெண், சர்க்கார் உத்தியோகம் கையில் கிடைத்திருந்தும், அதை வேண்டாமென்று இங்கே வந்து சேர்ந்தார். ஆரம்பத்தில் வைத்தியர்கள் இவர்கள் இருவர்தான். 2021-ல் சாகும் வரை சாந்தா அங்கேயே இருந்தார். 1984-ல் புற்றுநோய் வைத்தியத்துக்கென்றே அங்கே ஒரு கல்லூரி ஏற்பட்டது. ஒருவர் இன்னொருவரைப் பழக்க, அவர் நூறு பேரைப் பழக்க, இப்படித்தான் வளர்ந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சாந்தா அம்மையார் நோபல் பரிசு பெற்ற சி. வி. ராமன் அவர்களின் குடும்பத்தைச் சேர்ந்தவர். படிப்பின் வாசனை வீட்டிலேயே இருந்தது. அப்படிப்பட்டவருக்கே கைபிடித்து நடத்த ஒரு கிருஷ்ணமூர்த்தி வேண்டியிருந்ததென்றால், பாய் நெய்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை பங்கு அதிகமாக வேண்டும்?

"வெளிநாட்டான் வந்து சொல்லிக் கொடுத்தால் நாம் என்றைக்கும் அவன் கீழேதானே?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசத்தைப் பாருங்கள். 1967-ல் கம்பாலாவில் அமெரிக்கர் உதவியோடு ஒரு புற்றுநோய் நிலையம் ஏற்பட்டது. குழந்தைகளின் தாடையில் வரும் பர்க்கிட் கட்டிக்கு மருந்துகளைச் சோதித்தார்கள். ஜான் ஜீக்லர் என்ற அமெரிக்கர் தலைவர். இடி அமீன் ஆட்சியைப் பிடித்த பிறகு அமெரிக்கர்கள் போய்விட வேண்டியதாயிற்று. கதவு மூடிவிட்டதா? இல்லை. சார்லஸ் ஒல்வெனி என்ற உகாண்டா வைத்தியர் பொறுப்பை ஏற்று நடத்தினார். ஆகவே வழிகாட்டி நல்லவனா என்று பார்க்க ஒரே அளவுகோல்தான் உண்டு: அவன் போன பிறகு வேலை நிற்கிறதா, நடக்கிறதா?

இப்போது நம் தேசத்திலேயே ஒரு நல்ல காரியம் நடந்து வருகிறது. 2015-ல் டாடா மெமோரியல் நிலையத்தாரும் மற்றப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் கூட்டமைப்பும் 'கிரீடோ' என்ற பயிற்சி முகாமை ஆரம்பித்தார்கள். இளம் வைத்தியர்கள் தங்கள் ஊரில் தங்களுக்குத் தோன்றிய கேள்வியைக் கொண்டு வர வேண்டும். அனுபவசாலிகள் கூட உட்கார்ந்து, எத்தனை பேரைச் சோதிப்பது, எப்படி எண்ணுவது, எங்கே ஏமாந்து போவோம் என்று வாதாடி, ஒரு வாரத்துக்குள் பரிசோதனைத் திட்டமாக எழுத வைத்து அனுப்புகிறார்கள். கேள்வி மாணவனுடையது, உதவி பெரியவருடையது. இதுதான் முறை. ஆனால் ஒரு வாரம் போதாது. ஊர் திரும்பினால் வாசலில் நோயாளிகள் கூட்டம். ஆராய்ச்சிக்கு நேரம் கொடுக்க மேலதிகாரிக்கு மனம் வராது. ஆகவே வருஷக்கணக்காகப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் அவசியம்.

அவர் செய்ய வேண்டியது என்ன? கேள்வியைத் திருத்தலாம், பறிக்கக் கூடாது. தப்புச் செய்தால் காரணத்தோடு சொல்ல வேண்டும். உழைத்தவன் பெயரைப் போட வேண்டும். தனக்குத் தெரிந்த கதவுகளைத் திறந்துவிட வேண்டும். முக்கியமாக, "ஐயா, நீங்கள் சொன்னது தப்பு" என்று மாணவன் ருஜுவோடு சொல்லும் நாளில் கோபப்படாமல் சந்தோஷப்பட வேண்டும். அந்த நாள் வராவிட்டால் அவர் வழிகாட்டியல்ல, வெறும் குருதான்.

தோழர்களே! இதெல்லாம் பட்டணத்துப் பெரியவர்கள் விஷயம், நமக்கென்ன என்று எழுந்து போய்விடாதீர்கள். நமக்கும் வேலை இருக்கிறது. பக்கத்துக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்நோயால் 1969-ல் செத்த அண்ணாவின் பெயர் அதற்கு. வெட்கத்தை விட்டுப் பெண்மக்களைச் சோதனைக்கு அழைத்துப் போங்கள். வீட்டுக்கு வந்து கணக்கெடுப்பவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்; நீங்கள் மறைத்தால் அந்தப் பிள்ளையின் பத்து வருஷ உழைப்பும் பொய்யாகிவிடும். விஞ்ஞானம் படிக்கும் பெண்ணை, உபகாரச் சம்பளம் கிடைத்த வருஷத்தில் பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். உங்கள் ஊரிலிருந்து முன்பே படித்துப் போனவர் ஒருவர் எங்கேயாவது இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து, "எங்கள் பெண்ணுக்கு மாதம் ஒரு மணி நேரம் பேசுங்கள்" என்று உரிமையோடு கேளுங்கள். அவர் பேசவில்லையானால் அதற்குப் பிறகு பொன்னாடை போர்த்தாதீர்கள்.

என் தமக்கைக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டுப் பஞ்சும், கொஞ்சம் அமிலமும், அதைத் தடவத் தெரிந்த ஒரு கையும். அவள் காலத்தில் அது நம் ஊருக்கு வரவில்லை. என்னிடம் படித்த அந்தப் பெண் போய்விட்டாள். ஆனால் இந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் ஒன்று கேள்வி கேட்க எழுந்திருக்குமானால், "உட்கார்" என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக் கொண்டு, இத்துடன் என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.